நம் வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் இசை

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மறக்க முடியாத பழைய ராக், பாப் இசைத்தொகுப்புகள்" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று சொன்னார்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "ஏம்மா, உனக்குத் திருக்குறள், பாரதியார்னு ஏதும் குடுக்கலையா? இந்தக் கத்துற பாட்டைப் பத்தித்தான் பேசணுமா?" என்று கேட்டார். உங்களில் சிலரும் இப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு பதினைந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். கத்துகிற பாட்டில் தொடங்கி நம் வீட்டுக்கே வந்து முடிக்கிறேன்.

கிள்ளானில் எங்கள் வீட்டு அலமாரிக்கு மேல் ஒரு பிஸ்கட் டின் பெட்டியும் இரண்டு அட்டைப் பெட்டிகளும் இருந்தன. மூன்றிலும் கேசட்டுகள். டின் பெட்டி அப்பாவுடையது. ஓர் அட்டைப் பெட்டி அண்ணனுடையது. மற்றொன்று என்னுடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பா காலமான பிறகு வீட்டை ஒழுங்குபடுத்தினோம். அந்த நேரம் பார்த்து "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே பழைய பேப்பர் லாரி எங்கள் தாமானுக்குள் வந்தது. அம்மா பழைய பத்திரிகைக் கட்டுகளோடு அந்த மூன்று பெட்டிகளையும் வாசலில் வைத்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தூக்கி வந்தேன். இன்று நான் பரிந்துரைக்கப் போகும் தொகுப்புகள் எல்லாம் அந்தப் பெட்டிகளில் இருந்தவைதான்.

முதலில் அப்பாவின் டின் பெட்டி. அப்பா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பிறகு போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. பெட்டியைத் திறந்ததும் மேலே இருந்தது ஏ. இ. மனோகரனின் பாட்டுகள். இலங்கைக்காரர்கள் அவரைப் "பொப்பிசைச் சக்கரவர்த்தி" என்பார்கள். இலங்கையில் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற பைலா தாளத்தை எடுத்து, அதில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை வைத்துப் பாடினார்கள். 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம் அந்த வழியைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர். மனோகரன் அதைக் கடல் கடந்து கொண்டுபோனார். அவருடைய 'சுராங்கனி' நம் தோட்டத்துக் கல்யாண வீடுகளில் ஒலிக்காத நாள் உண்டா? 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா அந்தப் பாட்டைத் திரைக்குக் கொண்டுவந்தார். அங்கே அதைப் பாடியவர் யார் தெரியுமா? நம் மண்ணில் பிறந்து, சென்னைக்குப் போய்ப் பெயர் வாங்கிய மலேசியா வாசுதேவன். இலங்கைப் பாட்டு, தமிழகத்து இசையமைப்பாளர், மலேசியக் குரல். மனோகரன் 2018-இல் சென்னையில் காலமானார். அவருடைய பாட்டுத் தொகுப்பு எங்கே கிடைத்தாலும் வாங்கி வையுங்கள். சினிமாவின் துணை இல்லாமலே தமிழில் துள்ளலாகப் பாட முடியும் என்று காட்டிய முதல் கூட்டம் அவர்களுடையது.

அடுத்து, அதே பெட்டியில் இருந்த ஆலிகேட்ஸ். இந்தப் பெயரைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் "அது மலாய்ப் பாட்டுக் குழுதானே" என்கிறார்கள். ஆமாம், மலாய்ப் பாட்டுதான். ஆனால் அந்தக் குழுவைத் தூக்கி நிறுத்திய லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்கள். 1960-களின் கடைசியில் தொடங்கி, 70-களில் ஹாங்காங் வரை போய் மேடைகளில் வாசித்துக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். திரும்பி வந்து அவர்கள் பாடிய 'செகுந்தும் மாவார் மேரா, செபுவா புய்சி', 'ஹிங்கா ஆகிர் நந்தி' போன்ற பாட்டுகளை இன்றும் மலாய்க் கல்யாணங்களில் கேட்கலாம்.

லோகாவின் குரலைச் சற்றுக் கவனித்துக் கேளுங்கள். ஒரு வரியின் கடைசிச் சொல்லை அவர் சட்டென்று விட்டுவிட மாட்டார். இழுத்து, கொஞ்சம் வளைத்து, பிறகுதான் இறக்குவார். அந்த வளைவை நம் கோவில் பாட்டுகளிலும் கேட்டிருக்கிறேனே என்று எனக்குத் தோன்றும். அவர் 2007-இல் மறைந்தார். அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. 1970-களின் இறுதியிலும் 80-களிலும் அவர்கள் வெளியிட்ட தொகுப்புகளில் எது கிடைத்தாலும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள்.

'வரிசையாக' என்று ஏன் சொல்கிறேன்? அதற்கு அண்ணனின் பெட்டியைத் திறக்க வேண்டும்.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டு, "வாயைத் திறக்காமல் கேளு" என்று சொல்லி ஒரு கேசட்டைப் போட்டார். முதலில் இதயத் துடிப்பு. பிறகு யாரோ சிரிக்கிறார்கள், ஏதோ இயந்திரம் ஓடுகிறது, பாட்டு வருகிறது. நடுவில் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கின்றன. சில்லறைக் காசு கொட்டுகிறது. கடைசியில் மறுபடியும் அதே இதயத் துடிப்பில் வந்து முடிகிறது. பயந்துபோனேன். அதுதான் பிங்க் ஃபுளோய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. 1973-இல் வந்தது. பத்துப் பகுதிகள், ஏறக்குறைய 43 நிமிடங்கள். 1973 முதல் 1988 வரைக்குள் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இருந்தது. காலம், பணம், சாவு, மனம் பேதலிப்பது என்று மனித வாழ்க்கையின் சுமைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்கள். நடுவில் ஒரு பாட்டை மட்டும் உருவிக் கேட்டால் அது வெறும் பாட்டு. முதலிலிருந்து கேட்டால்தான் கதை புரியும். தொகுப்பு என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு பாட்டைத் தொடுகிறார்கள். இருபது நொடியில் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பாட்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் கேசட் காலத்தில் அப்படித் தாண்டிப் போவது சுலபமில்லை. முன்னால் ஓட்டினால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. அதனால் பிடிக்காத பாட்டையும் கேட்டோம். நாலாவது தடவை கேட்கும்போது அதுவே பிடித்துப்போனது. என் ரசனையில் பாதி, அப்படி வேறு வழியில்லாமல் கேட்ட பாட்டுகளால் வந்தது.

அண்ணன் பெட்டியில் இரண்டாவது, மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'. 1982 நவம்பர் மாதம் வெளிவந்தது. ஒன்பதே பாட்டுகள். அவற்றில் ஏழு தனிப்பாட்டுகளாகவும் வெளியாகி, ஏழும் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தன. தொகுப்பு மட்டும் 37 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் கவனிக்கச் சொல்வது வேறு. 'பீட் இட்' பாட்டின் நடுவில் வரும் கிட்டார், எடி வான் ஹேலன் என்ற ராக் கலைஞர் வாசித்தது. கறுப்பர் பாட்டு வேறு, வெள்ளையர் பாட்டு வேறு என்று வானொலி நிலையங்களே பிரித்து வைத்திருந்த காலத்தில், குயின்சி ஜோன்ஸ் என்ற தயாரிப்பாளர் இரண்டையும் ஒரே பாட்டில் உட்கார வைத்தார். 1996 அக்டோபரில் மைக்கேல் ஜாக்சன் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்துக்கு வந்தார். டிக்கெட் வாங்கப் பணமில்லாத என் அண்ணன் அரங்கத்துக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு நள்ளிரவு கடந்து வீடு வந்தார். அப்பா கையில் பெல்ட்டோடு காத்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, நம் நாட்டு ராக். ஜொகூர் பாருவிலிருந்து வந்த 'செர்ச்' குழுவின் 'ஃபெனொமெனா', 1989. 'இசபெல்லா' பாட்டு இருப்பது இதில்தான். பக்கத்து வீட்டு மலாய்ப் பையனும் என் அண்ணனும் ஒரே கேசட்டை வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றி வைத்துக்கொண்டு கேட்பார்கள். இருவருக்கும் கழுத்து வரை முடி. 1992-இல் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியில் இடமில்லை என்று தடை போட்டார்கள். பாடகர்கள் முடியை வெட்டிக்கொண்டு வந்து பாடினார்கள். அந்தத் தடையைக் காட்டி எங்கள் அப்பா அண்ணனையும், பக்கத்து வீட்டு அங்கிள் தன் மகனையும் ஒரே நாளில் ஒரே முடிதிருத்தகத்துக்கு அழைத்துப் போனார்கள். பிள்ளை கெட்டுப்போய்விடுவான் என்ற பயம் தமிழருக்கு மட்டும் உள்ளதல்ல என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

அப்பாவும் அண்ணனும் சண்டை போடாமல் சேர்ந்து கேட்ட ஒரே கேசட் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-இல் வந்தது. சினிமாவுக்காகச் செய்யாத தொகுப்பு. இதை அவர் தியாகராஜருக்கும், ஜெர்மனியின் பாக் என்ற இசை மேதைக்கும் காணிக்கையாக்கினார். வி. எஸ். நரசிம்மனின் வயலின்தான் இதில் நாயகன். ஒரு பகுதியின் பெயர், 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்று பொருள்படும். அதில் பாக்கின் வயலின் இசை வரும், அதோடு நம் இசை போய்ப் பேசும். ராக் என்றோ பாப் என்றோ இதைச் சொல்ல முடியாதுதான். ஆனால் ராக் கேட்ட அண்ணனும், பழைய பாட்டு கேட்ட அப்பாவும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்டார்கள். வீட்டில் தலைமுறைச் சண்டை இருந்தால் இதைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது என் பெட்டி. 1998-இல் எனக்குப் பத்து வயது. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோக்கோ ஆகியோர் சேர்ந்த 'பொயட்டிக் அம்மோ' குழுவின் 'இட்ஸ் எ நைஸ் டே டு டை' வந்தது. ஆங்கிலம், மலாய், தமிழ், கெண்டனீஸ் என நான்கு மொழியும் ஒரே தொகுப்பில். நம் பள்ளிக்கூட வாசலில், ஒட்டுக்கடையில், பேருந்தில் நாம் எப்படிக் கலந்து பேசுகிறோமோ அப்படியே இருந்தது. அறிவுரைக் கூட்டங்களில் சொல்லும் ஒற்றுமையை அவர்கள் சும்மா செய்து காட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு 2006. அப்போது நான் மக்கள் தொடர்பில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்து பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடந்து வருகிறேன். தலைக்கு மேல் மோனோரயில் போகிறது. ஒரு கேசட் கடையில் 'மடை திறந்து' கேட்கிறது. 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய இளையராஜாவின் மெட்டு. ஆனால் நடுவில் புகுந்து பேசுகிற தமிழ் நம் தமிழ். யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் மூவரும் 'நட்சத்ரா' என்ற பெயரில் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு அது. இருந்த காசையெல்லாம் கொடுத்து வாங்கினேன். அந்த வாரம் மதியச் சாப்பாடு வெறும் ரொட்டி.

அதுவரை பாட்டு என்றால் சென்னையிலிருந்து கப்பலேறி வர வேண்டும் என்றுதான் இருந்தோம். அந்தப் பாட்டு இங்கிருந்து அங்கே போனது. தமிழகத் தொலைக்காட்சிகளில் ஓடியது. யோகி பி-யை அழைத்தார்கள். 2007-இல் 'பொல்லாதவன்', 2011-இல் 'ஆடுகளம்', 2017-இல் 'விவேகம்' என்று அவர் குரல் அங்கே ஒலித்தது. இன்று தமிழில் ராப் பாடும் பிள்ளைகள் நடந்துபோகும் பாதையை வெட்டியவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. இந்த இரண்டு தொகுப்புகளையும் உங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள், அல்லது தேடிப் போட்டுக் காட்டுங்கள்.

பட்டியல் முடிந்தது. தலைப்புக்கு நான் பேச வேண்டியதும் முடிந்தது. ஆனால் அப்பாவின் டின் பெட்டியில் இன்னும் ஒரு கேசட் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்த அழைப்பையே ஏற்றுக்கொண்டேன்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அவருடைய தோட்டத்து நண்பர் ஒருவர் வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, ஒங்கப்பா கிட்டார் வாசிச்ச அந்தக் கேசட்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன கேசட், மாமா? அப்பாவுக்குக் கிட்டார் தெரியுமா?" என்றேன்.

அவர் சொன்னார். 1978-இல் தோட்டத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருந்தார்களாம். தீபாவளிக்கும் கல்யாணங்களுக்கும் வாசித்தார்களாம். மாமா டிரம்ஸ், அப்பா கிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் வானொலிப் பெட்டியோடு சேர்ந்த கேசட் கருவியை மேசைமேல் வைத்து ஆறு பாட்டுகள் பதிவு செய்தார்களாம். அதில் இரண்டு பாட்டுக்கு அப்பாவே மெட்டுப் போட்டாராம். இருந்தது அந்த ஒரே ஒரு பிரதிதான். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா கிட்டாரை விற்றுவிட்டுத் துறைமுக வேலைக்குப் போய்விட்டார்.

அன்று இரவே டின் பெட்டியைக் கொட்டித் தேடினேன். அடியில் ஓர் அறுபது நிமிடக் கேசட். மேல் அட்டையில் அப்பாவின் கையெழுத்து. அதன்மேல் கோடு கிழித்து, கோணல் மாணலாக, "என் பாட்டு. யாரும் தொடாதே" என்று எழுதியிருந்தது. அது என் கையெழுத்து.

எனக்கு ஒன்பது வயதில் அந்தக் கேசட்டை எடுத்து, அந்நாளில் வானொலி ஆறு என்று அழைக்கப்பட்ட நம் மின்னல் பண்பலையின் பாட்டுகளை அதன்மேல் பதிவு செய்திருக்கிறேன். பாட்டுக்குப் பாட்டு நடுவில் நானே அறிவிப்பாளரைப்போல், "நேயர்களே, அடுத்து வருவது..." என்று பேசியிருக்கிறேன். இன்று உங்கள் முன்னால் நிற்கும் இந்த அறிவிப்பாளர் முதன்முதலில் பேசிப் பழகியது அப்பாவின் பாட்டை அழித்த அந்த நாடாவில்தான்.

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. இரவு வேலை முடிந்து காலையில் வந்த அப்பாவிடம் ஓடிப்போய்ப் போட்டுக் காட்டினேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார். பிறகு, "குரல் நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கேசட்டை என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாம் பக்கத்தின் கடைசியில் என் பதிவு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பழைய பதிவு அழியாமல் இருக்கிறது. ஒரு பாட்டின் முடிவு. டிரம்ஸ் நின்றுபோய், கிட்டார் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஓடுகிறது. யாரோ சிரிக்கிறார்கள். நாடா முடிந்துவிடுகிறது. அவ்வளவுதான் மிச்சம்.

நேயர்களே, உலகப் புகழ்பெற்ற தொகுப்புகள் எங்கும் போய்விடாது. பிங்க் ஃபுளோய்டையும் மைக்கேல் ஜாக்சனையும் பாதுகாக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் நாட்டில் வெளியாகும் நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க 1986-லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் தோட்டத்து மண்டபத்திலும், கோவில் திருவிழாவிலும், யார் வீட்டு வரவேற்பறையிலோ பதிவான நாடாக்கள் அந்தச் சட்டத்துக்குள் வராது. அவை அலமாரி மேல் இருக்கும், அல்லது பழைய பேப்பர் லாரியில் இருக்கும்.

ஆகவே நான்கு காரியங்கள் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, உங்கள் வீட்டுப் பெட்டியை இந்த வாரமே திறந்து பாருங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள். அப்புறம் எந்தப் பிள்ளையும் அதன்மேல் தெரியாமல் பதிவு செய்ய முடியாது. எங்கள் அப்பா அதைச் செய்திருந்தால் ஆறு பாட்டும் இருந்திருக்கும். இரண்டு, நம் ஊர் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையாகப் படர்ந்திருந்தால் கருவியில் போடாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நன்றாக இருப்பவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு வையுங்கள். மூன்று, கேசட் கருவியின் காதொலிப்பான் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி இணைத்தால் போதும், பாட்டைக் கணினியில் ஏற்றிவிடலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் செய்து கொடுப்பார்கள்.

நான்காவது, யார் பாடியது, யார் வாசித்தது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நான் மாமாவிடம் கேட்டு ஐந்து பேருடைய பெயரையும் எழுதிக்கொண்டேன். அப்பா மெட்டுப் போட்ட பாட்டு எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, மேசைமேல் விரலால் தாளம் போட்டுக் காட்டினார். "தாளம் ஞாபகம் இருக்கு பாப்பா, ராகம் வரலையே" என்றார்.

அந்தத் தாளத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பதிவு செய்தது புதிய கேசட்டில்தான்.